நாற்காலியிலிருந்து எழுவதற்கு: தீராத நோயோடு வாழும் பெரியவர்களுக்கு வீட்டில் உடற்பயிற்சி

புற்றுநோய் முற்றிவிட்டது, இதயம் தளர்ந்துவிட்டது, நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "ஆயா (பாட்டி) சும்மா படுத்திருக்கட்டும், பாவம்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் படுக்கை சும்மா இருப்பதில்லை. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோனது. நோயாளிக்கு இழப்பு இன்னும் வேகமாக நடக்கும். மூன்றாவது வாரம் ஆயாவால் கழிப்பறைக்குப் போக முடியாமல் போனால், அதில் நோயின் பங்கு எவ்வளவு, படுக்கையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நோய்த்தணிப்புப் பராமரிப்பில் உடற்பயிற்சி நோயைக் குணமாக்குவதற்கோ உடம்பைத் தேற்றுவதற்கோ அல்ல. அவர் இன்னும் தன் கையால் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை முடிந்தவரை அவர் கையிலேயே வைத்திருப்பதற்கு. ஆகவே பயிற்சிப் பட்டியலைத் தேடுவதற்கு முன் அந்த ஒரு காரியம் எது என்று அவரிடமே கேளுங்கள். பிள்ளைகள் "தாத்தா தோட்டத்தைச் சுற்றி நடக்கணும்" என்பார்கள். தாத்தாவுக்கோ ராத்திரி ஒண்ணுக்குப் போக மகளை எழுப்பக் கூடாது என்பதுதான் கவலையாக இருக்கும். ஒருவருக்கு வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். இன்னொருவருக்கு தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தத் தசை, எத்தனை தடவை என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

தொடங்கக் கூடாத நாட்கள்

38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே வழக்கத்தைவிட அதிக மூச்சிரைப்பு, புதிதாக வந்த குழப்பமான பேச்சு, வாந்தி அல்லது பேதி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று பயிற்சி வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காதீர்கள், நடக்கவைக்காதீர்கள். முதலில் டாக்டர் பார்க்கட்டும். இதய நோயாளியின் எடை மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். பயிற்சியை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் எலும்புக்குப் போவது சகஜம். தொடை எலும்பிலோ முதுகெலும்பிலோ பரவியிருந்தால் எடை தூக்குவது, உடம்பை முறுக்குவது, அந்தக் கால்மேல் முழுப் பாரம் வைப்பது எல்லாம் பிசியோ (இயன்முறை மருத்துவர்) பார்த்துச் சொன்ன பிறகுதான். படுத்தால் அதிகமாகும் புது முதுகுவலி, கால்கள் திடீரென்று துவளுவது, இருக்கையைத் தொடும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது ஆகியவை தண்டுவடம் நசுங்குவதன் அடையாளங்கள். இதற்கு நாளை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

கிளினிக்குக்குப் போய்வந்த நாள், கிராண்ட் பணம் (அரசு உதவித்தொகை) வாங்க வரிசையில் நின்ற நாள் ஆகியவற்றில் தனிப் பயிற்சி தேவையில்லை. அன்றைய பயிற்சி அதுவேதான். பிள்ளைகள் இதை மறந்துவிட்டு மாலையிலும் எழுப்பி நிறுத்துவார்கள், மறுநாள் முழுக்க அவர் எழமாட்டார்.

மருந்தும் நேரமும்

மார்ஃபின் சிரப் குடிப்பவருக்கு மருந்து வேலைசெய்யத் தொடங்க அரைமணி நேரம் ஆகும். முழு வேகம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். வழக்கமான வேளை மருந்து கொடுத்த 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சியை வையுங்கள். பயிற்சிக்காக நீங்களாகவே கூடுதல் மருந்து கொடுக்கக் கூடாது. அசையும்போதெல்லாம் வலிக்கிறது என்றால் முன்கூட்டியே ஒரு சிறு அளவு கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் சில நாள் தலைசுற்றும். அந்த நாட்களில் உட்கார்ந்தபடியே செய்யட்டும். மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு நடை கொஞ்சம் உதவும், ஆனால் மலமிளக்கியின் வேலையை நடை செய்யாது. அதை நிறுத்திவிடாதீர்கள்.

பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு மாத்திரை வேலைசெய்யும் நேரத்தில்தான் எல்லாமே. மாத்திரை ஓயும் நேரத்தில் எழுப்பினால் விழுவார்.

ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் புழுக்கம் ஆரோக்கியமானவரையே சாய்த்துவிடும். காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது இரட்டிப்பு முக்கியம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் எதுவும் வேண்டாம்.

எவ்வளவு என்பதற்கு அளவுகோல்

நாடித்துடிப்பை எண்ணி ஓட்டுவது இவர்களுக்குச் சரிப்படாது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அதற்குப் பதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவு சொல்லிக்கொடுங்கள். பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை, பத்து என்றால் இனி முடியவே முடியாது. 3 அல்லது 4 வரை போகலாம், 5 வந்தால் நிறுத்த வேண்டும். எண் சொல்லப் பிடிக்காதவரிடம் பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் சரி. மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகமாகிவிட்டது.

உண்மையான கணக்கு மறுநாள்தான் தெரியும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வராவிட்டாலோ, மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகம் களைத்திருந்தாலோ, அளவைப் பாதியாக்குங்கள். நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். நல்ல நாள் வந்தால் இரண்டு மடங்கு செய்ய ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான்.

ஒரே மூச்சில் 20 நிமிடம் செய்வதைவிட நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் 3 முதல் 5 நிமிடம் என்று பிரிப்பது இவர்களுக்கு ஏற்றது.

எழுந்து உட்காருவது

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் அது இதுவாகவே இருக்கட்டும். நாற்காலியிலிருந்து எழ முடிகிறவர் கழிப்பறைக்குப் போகலாம், காரில் ஏறலாம், கட்டிலை விட்டு இறங்கலாம். எழ முடியாமல் போகும் நாளில்தான் வீட்டில் எல்லாமே மாறுகிறது.

நாற்காலி 45 செ.மீ. உயரம், கைப்பிடி உள்ளது, பின்னங்கால்கள் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். தோட்டத்து பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிப் பின்னால் போகும், கால்கள் விரியும், வேண்டாம். லவுஞ்ச் சோபா இன்னும் மோசம், உட்கார்ந்தால் உள்ளே புதைந்துவிடும். உயரம் போதாவிட்டால் கெட்டியான ஃபோம் மெத்தைத் துண்டு 5 முதல் 10 செ.மீ. வரை வையுங்கள். தலையணை நழுவும்.

புட்டத்தை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான்: பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள், உடம்பு பின்னுக்கே விழும். பிறகு மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய வேண்டும். கைகளால் கைப்பிடியை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கித் தலைசுற்றும். நிமிர்ந்து நின்று மூன்று எண்ணுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழ விடாதீர்கள். நான்கு எண்ணி மெதுவாக இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு வேலை அதிகம்.

முதல் வாரம் 3 தடவை, நாளைக்கு மூன்று வேளை. அளவுகோலில் 3-க்கு மேல் போகாமல் நான்கு நாள் தொடர்ந்தால் 4 ஆக்கலாம். 8 வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல், கைப்பிடியை அழுத்துவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுவதும் எழ முடியாதவர் புட்டத்தை 2 செ.மீ. தூக்கி இறக்கினாலும் அதே தசைதான் வேலைசெய்கிறது.

துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால், ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்க வேண்டும். அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்குவது நம் வீடுகளில் எல்லோரும் செய்யும் தவறு. பக்கவாதம் வந்த கையானால் தோள்மூட்டு நழுவிவிடலாம், பிறகு அந்த வலி லேசில் போகாது. இடுப்பைச் சுற்றி ஓர் அகலப் பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். ஆள் சரிந்துவிட்டால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் தொடையோடு ஒட்டி வழியவிட்டுத் தரையில் உட்கார வையுங்கள். உங்கள் முதுகு போனால் வீட்டில் நோயாளி இரண்டு.

நடை

கட்டிலிலிருந்து நேரே எழுப்பி நடத்தாதீர்கள். முதலில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டி, இரண்டு நிமிடம் கழித்து எழட்டும். எழுந்ததும் கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும்.

வீட்டு நடையில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அடுத்த நாற்காலி கண்ணில் தெரிந்தால் பயம் பாதி போகும். வாக்கரின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாக வர வேண்டும். முதலில் வாக்கர், பிறகு பலவீனமான கால், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால். இறங்கும்போது கெட்ட கால் முன்னால். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மாதிரி மேட்டிலும் சரிவிலும் கட்டிய வீடுகளில் தெருவுக்குப் போகவே படி இறங்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி இல்லாத படியில் பயிற்சி வைக்காதீர்கள்.

வராந்தாவில் சிவப்பு பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பதை நிறுத்துங்கள். ஈரக் காலுக்கு அது எண்ணெய் மாதிரி. ஸ்லோப்ஸ் (ஹவாய் செருப்பு) வேண்டாம், குதிகால் மூடிய, ரப்பர் அடி போட்ட காலணி. சேலையின் கொசுவத்தை ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள், அல்லது பயிற்சி நேரத்துக்கு நைட்டியே போதும்.

மூச்சு வாங்கும்போது

மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். சிரமமான அசைவை எப்போதும் வெளிமூச்சோடு சேர்க்க வேண்டும். இதை மூச்சு வாங்காத நேரத்தில் பழக்குங்கள். திணறல் வந்த பிறகு சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறாது. நடையில் திணறல் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி முன்னால் சாயட்டும். சிறிய கைவிசிறியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, காற்று மூக்கின் மேலும் மேலுதட்டின் மேலும் படும்படி வீசுங்கள். அங்கே குளிர்ந்த காற்று பட்டால் மூச்சுத்திணறல் உணர்வு குறையும். பேட்டரி விசிறி, பனையோலை விசிறி எதுவானாலும் சரி.

ஆக்சிஜன் வைத்திருப்பவர் பயிற்சியின்போதும் அதைப் போட்டிருக்கட்டும், ஆனால் ஓட்டத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோயில் அதிக ஆக்சிஜன் கரியமில வாயுவை உடம்பில் தேக்கிவிடும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் விரல்மீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உட்கார வையுங்கள். டாக்டர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. இன்னொன்று: சாமி விளக்கு, சூடம், சாம்பிராணி எதுவும் ஆக்சிஜன் இருக்கும் அறையில் கூடாது. பூஜை அடுத்த அறையில் நடக்கட்டும். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரமானால், மின்வெட்டுக்கு ஒரு சிலிண்டர் கைவசம் இல்லாமல் பயிற்சி தொடங்காதீர்கள்.

படுக்கையிலேயே இருப்பவருக்கு

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பாதத்தைப் பத்துத் தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணி விடுவது, குதிகாலைத் தேய்த்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவது, புட்டத்தை இறுக்கித் தளர்த்துவது என ஒவ்வொன்றும் 5 தடவை. கைக்கு 500 மில்லி தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ எடைக்குச் சமம். அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டும் ஆகும். அதுவும் கனமானால் வெறுங்கையே போதும்.

அவராக அசைக்க முடியாவிட்டால் நீங்கள் அசைத்துக் கொடுக்கலாம்: விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால், நாளைக்கு இரண்டு முறை, மூட்டுக்கு 5 தடவை. மூட்டுக்கு மேலும் கீழும் உள்ளங்கையால் தாங்குங்கள், விரலால் கிள்ளிப் பிடிக்காதீர்கள். இறுக்கம் தட்டும் இடத்தில் நின்று, அவர் முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். தோளைத் தலைக்குமேல் இழுக்கவே வேண்டாம். உடம்பு துடைக்கும்போது இதையும் சேர்த்துச் செய்தால் இரண்டு முறை தொந்தரவு இல்லை.

சாப்பாடு

உள்ளே போகும் சாப்பாடு குறைவென்றால் பயிற்சியைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. தசையை எரித்துத்தான் உடம்பு அந்த வேலையைச் செய்யும். பயிற்சிக்குப் பிறகு அரை டம்ளர் அமாசி (புளித்த பால்), ஒரு முட்டை, நன்றாக வெந்து மசித்த சர்க்கரை பீன்ஸ் (ஒருவகை அவரைப் பயறு) என்று சின்னதாகக் கொடுங்கள். புரட்டாசியில் வீடே மரக்கறிக்கு மாறும்போது முதியவரின் புரதம் சத்தமில்லாமல் பாதியாகிவிடும். அந்த மாதம் பருப்பும் தயிரும் கூடுதலாகப் போகட்டும். இவர் பட்டினி விரதம் இருக்க வேண்டியதில்லை. சிறுநீரக நோயாளிக்கு மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சிக்கு முன் ரத்தச் சர்க்கரை 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் முதலில் அரை டம்ளர் பழரசம். கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நீரிழிவுக்காரரின் பாதத்தைக் காலணி போடும் முன்னும் கழற்றிய பின்னும் பாருங்கள். கொப்புளம் அவருக்கு உறைக்காது.

பகலில் பார்த்துக்கொள்பவர்

பல வீடுகளில் பகலில் கூட இருப்பவர் ஜூலு பேசும் உதவியாளர். பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பயிற்சி அவர் கையில்தான் இருக்கிறது, ஆனால் நர்ஸ் வரும்போது விவரம் கேட்பது பிள்ளைகள் மட்டுமே. உதவியாளரையும் பக்கத்தில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுங்கள். 'சுகுமா' என்றால் எழு, 'புமூலா' என்றால் ஓய்வெடு, 'கன்சானே' என்றால் கொஞ்சம். வலிக்கிறது என்பதற்கு 'குபூக்லுங்கு'. ஆயாவும் உதவியாளரும் இந்த நான்கு சொல்லுக்கு ஒத்துப்போனால் போதும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, தேதி, எத்தனை தடவை, அளவுகோல் எண், மறுநாள் காலை எப்படி என்று நான்கு கட்டம் போடுங்கள். நர்ஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

குறைத்துக்கொண்டே வரும் காலம்

ஒரு கட்டத்தில் அந்தத் தாளில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். காய்ச்சலோ, புது மருந்தோ, மலச்சிக்கலோ காரணமாக இருந்தால் சரிசெய்தபின் மறுபடி ஏறும். அதை முதலில் தேடுங்கள். எதுவும் இல்லாமல் வாரத்துக்கு வாரம் இறங்கினால் நோய் நகர்கிறது. அப்போது "இன்னும் ஒரு தடவை, தாத்தா, முயற்சி பண்ணுங்க" என்று கெஞ்சாதீர்கள். மாட்டேன் என்றால் அது சோம்பல் அல்ல. எட்டு தடவை மூன்றாகட்டும், மூன்று கட்டில் விளிம்பில் உட்காருவதாகட்டும், பிறகு அதுவும் வேண்டாம். கமோட் நாற்காலியைக் கட்டிலோரம் கொண்டுவர வேண்டிய நேரம் அது. அதை இரவில் விழுந்த பிறகு கொண்டுவருவதைவிட ஒரு வாரம் முன்பே கொண்டுவாருங்கள்.

நாளின் பெரும்பகுதி தூங்கத் தொடங்கியபின் பயிற்சி என்று எதுவும் இல்லை. இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, குதிகாலுக்குக் கீழே எதுவும் படாதபடி கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுப்பது, மடங்கிய விரல்களை மெதுவாக விரித்து உள்ளங்கையில் சுருட்டிய சிறு துணியை வைப்பது. மாற்றிப் படுக்கவைப்பதே வலி தருகிறது என்றால், மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்துச் செய்யுங்கள். அதற்கும் முகம் சுருங்கினால் இடைவெளியைக் கூட்டலாமா என்று நர்ஸைக் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடலாம். அதற்கு எண்ணிக்கை வேண்டாம்.